லயத்தின் பெயரும் வீட்டின் பெயரும்

மாவனல்லை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. பாட்டிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று என்னோடு மகா ஓயாப் பாலம் வரை நடந்தே வந்து திரும்பினார். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று உன்னைக் கேட்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு அவசரமாக 'இல்லை' என்று சொல்லிவிட்டேன், அதற்குள் லைனும் அறுந்துவிட்டது. இரண்டு நாளாக அது மனதில் உறுத்துகிறது. நல்ல கேள்வி அது. உட்கார்ந்து எழுத வேண்டிய பதில் அதற்கு உண்டு.

பாடசாலைக் கணினிக் கூடத்துப் பிள்ளைகள் எந்தெந்த இணையத்தளங்களுக்குப் போகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் ஒரு பைதன் புரோகிராம் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு முகவரியையும் புள்ளி இருக்கும் இடங்களில் வெட்டி, கடைசி இரண்டு துண்டை மட்டும் எடுத்து, அதுதான் தளத்தின் பெயர் என்று வைத்துக்கொண்டாய். ஓட்டிப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் 'கவ்.எல்கே' வந்து நின்றது. கல்வி அமைச்சு, வளிமண்டலவியல் திணைக்களம், பரீட்சைத் திணைக்களம் எல்லாம் ஒரே தளமாகிவிட்டன. "அப்போ கடைசி மூன்று துண்டை எடுத்தால் சரியாகிவிடுமா மாமா?" என்றாய்.

ஆகாது. ஏன் ஆகாது என்று பார்க்க உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று நாம் இரண்டு முகவரிகளை மாறி மாறித் தட்டினோமே, நினைவிருக்கிறதா? ஒன்று 'டபிள்யூடபிள்யூடபிள்யூ.டொனெட்ஸ்.எல்கே'. மற்றது 'ரிசல்ட்ஸ்.எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே'. இரண்டும் பரீட்சைத் திணைக்களத்துடையவை. கடைசி இரண்டு துண்டை எடு: முதலாவதில் 'டொனெட்ஸ்.எல்கே' என்று சரியாக வரும், இரண்டாவதில் 'கவ்.எல்கே' என்று பிழையாக வரும். கடைசி மூன்றை எடு: இரண்டாவது 'எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே' என்று சரியாகிவிடும், முதலாவது கெட்டுவிடும். ஒரே திணைக்களத்தின் இரண்டு முகவரிகளே எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை. நீ எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் இப்படித்தான் நடக்கும்.

இதன் காரணத்தை எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்பே நான் நம் தோட்டத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் சாதாரண தரம் எழுதி முடித்த வருடம் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். அப்போது நமக்கு முகவரி என்று இருந்தது என் பெயர், மேற்கணக்கு, தோட்டத்தின் பெயர், மாவனல்லை. அவ்வளவுதான். மாவனல்லைக்கு 71500 என்று தபால் எண் உண்டு, தோட்டத்துக்குப் பெயர் உண்டு, தோட்டத்துப் பிரிவான கணக்குக்கும் பெயர் உண்டு. ஆனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, ஒன்றும் இல்லை. தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் தோட்டத்து ஆபிசில் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவார். மேற்கணக்கில் என் பெயரில் மூன்று பேர் இருந்தோம். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம் இன்னொருவர் வீட்டுக்குப் போய், அவர்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஊரிலிருந்து வந்த பிறகுதான் என்னிடம் வந்தது. உறையைப் பிரித்தபோது குறிப்பிட்ட திகதி போய் ஒன்பது நாள். அன்று மாலை உன் தாத்தா ரப்பர் பால் வெட்டு முடிந்து வந்து, ஒன்றும் பேசாமல், அடுப்புக் கரியை எடுத்துக் கதவில் 'லயம் 4, காம்பரா 7' என்று எழுதினார்.

அந்தக் கரி எழுத்தை நான் மறக்கவே இல்லை. ஒரு முகவரியில் எல்லோருக்கும் பொதுவான பகுதி ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கே சொந்தமான பகுதி ஒன்று இருக்கிறது. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் வெளியாள் ஒருவரால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லி, எழுதி வைத்தால்தான் தெரியும்.

இணைய முகவரியிலும் அப்படியே. வலமிருந்து இடமாக வாசி. 'எல்கே' நாட்டுக்குப் பொது. அதை 1990 முதல் நடத்திவருவது நம் நாட்டு டொமைன் பதிவகம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் அதை உருவாக்கினார். அந்தப் பதிவகம் 'எல்கே'யின் கீழேயே பெயர் தருகிறது. 'டொனெட்ஸ்' அப்படி வாங்கிய பெயர். அத்தோடு வகை வகையாகப் பிரித்து அவற்றின் கீழும் தருகிறது: அரசுக்குக் 'கவ்.எல்கே', பாடசாலைகளுக்கு 'எஸ்சிஎச்.எல்கே', பல்கலைக்கழகங்களுக்கு 'ஏசி.எல்கே', வியாபாரத்துக்குக் 'கொம்.எல்கே', ஹோட்டல்களுக்கு என்றே 'ஹோட்டல்.எல்கே' கூட உண்டு. இப்படி யார் வேண்டுமானாலும், அல்லது ஒரு வகையினர் எல்லோரும், தத்தம் பெயரை முன்னால் ஒட்டிக்கொள்ளக்கூடிய பொது வாலுக்குப் பொதுப் பின்னொட்டு என்று பெயர். அதற்கு முன்னால் ஒரே ஒரு துண்டைச் சேர்த்தால் கிடைப்பது ஒருவர் பதிவு செய்த சொந்தப் பெயர். நீ தேடுவது இதைத்தான்.

இணையத்தின் பெயர் அமைப்பிடமே கேட்டுவிட முடியாதா என்று உனக்குத் தோன்றும். 1983-இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த அந்த அமைப்பு தபால்காரர் மாதிரி: அடுத்த துண்டைப் பற்றி யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று வழி சொல்லும். அந்த இடத்தில் உரிமையாளர் மாறுகிறாரா, அதே ஆள்தானா என்று சொல்லாது. ஒரு கம்பனி தன் சொந்தக் கிளைகளைத் தனித் தனி சர்வரில் வைத்திருக்கலாம். ஒரு பதிவகம் பல வகைகளை ஒரே சர்வரில் வைத்திருக்கலாம். வழி பிரிகிற இடமும் சொந்தம் பிரிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதில் பிழைத்தால் என்ன நஷ்டம், ஒரு எண்ணிக்கை தவறும், அவ்வளவுதானே என்று நினைத்துவிடாதே. குக்கி என்பது ஒரு தளம் உன் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. நீ உள்நுழைந்தவள் என்பதை அந்தத் தளம் அதை வைத்துத்தான் அடுத்த முறை அறிந்துகொள்கிறது. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பனியில் லூ மொன்டுல்லி அதைக் கொண்டுவந்தார். ஒரு கடை 'இந்தக் குறிப்பைக் கொம்.எல்கே முழுவதற்கும் காட்டு' என்று சொல்லி, பிரவுசரும் கேட்டுக்கொண்டால், கொம்.எல்கேயில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் அந்தக் குறிப்பு போய்ச் சேரும். ஒரு காம்பராவின் சாவி லயம் முழுவதையும் திறக்கிற மாதிரி.

நெட்ஸ்கேப்காரர்களும் முதலில் உன்னைப் போலவே புள்ளிகளை எண்ணிப் பார்த்தார்கள். கொம், நெட், ஒர்க் முதலான ஏழு பின்னொட்டுகள் என்றால் இரண்டு புள்ளி போதும், மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளி வேண்டும் என்று விதி எழுதினார்கள். தொடக்கத்தில் வரும் புள்ளியையும் சேர்த்து எண்ணுவார்கள். அந்த விதிப்படி '.டொனெட்ஸ்.எல்கே'க்கு இரண்டு புள்ளிதான். தன் சொந்தப் பெயருக்கே குறிப்பு வைக்க அதற்கு உரிமை இல்லாமல் போகிறது. ஏழு பெயர்களைத் தவிர மற்ற உலகமெல்லாம் ஒரே அச்சில் இருக்கும் என்று நினைத்ததால் வந்த வினை. அதனால் உனக்கு வந்த பிழைக்கு வெட்கப்படாதே. நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் குப்பை மின்னஞ்சல் அனுப்புகிறவர்களைத் தடுக்க ஒரு புரோகிராம் எழுதி, கடைசி இரண்டு துண்டை வைத்துத் தடுத்தேன். கொம்.எல்கேயில் ஒருவன் குப்பை அனுப்பினான். அரை நாளுக்குக் கொம்.எல்கே முழுவதிலிருந்தும் எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஒருவன் செய்த குற்றத்துக்கு நான் லயத்தையே பூட்டிவிட்டேன்.

கடைசியில் உலகம் கண்ட வழி உன் தாத்தா கண்ட வழிதான்: எழுதி வைப்பது. மொசில்லாவில் ஒரு பட்டியல் தொடங்கினார்கள். பொதுப் பின்னொட்டுப் பட்டியல் என்று அதற்குப் பெயர். 2008-இல் வந்த அவர்களுடைய ஃபயர்ஃபாக்ஸ் 3 பிரவுசர் அதைப் பயன்படுத்தியது. 2011-இல் குக்கிக்கான இணையத் தரம் புதிதாக எழுதப்பட்டபோது, பொதுப் பின்னொட்டுக்கு வைக்கப்படும் குறிப்பைப் பிரவுசர் ஏற்கக்கூடாது என்ற அறிவுரையும் அதில் சேர்ந்தது. இன்றைக்கு அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான விதிகள். தன்னார்வலர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் பார்த்துச் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அந்தக் கோப்பைத் திறந்தால் வரிக்கு ஒரு விதி இருக்கும். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு, அதை விட்டுவிடு. வெற்று வரியையும் விட்டுவிடு. மிச்சமுள்ள விதிகள் மூன்று வகை.

முதல் வகை நேர் விதி. 'எல்கே' ஒரு வரி, 'கவ்.எல்கே' ஒரு வரி. எழுதியிருப்பது அப்படியே பின்னொட்டு.

இரண்டாவது நட்சத்திர விதி. நேபாளத்துக்கு '*.என்பி' என்று இருக்கிறது. என்பிக்கு முன்னால் எந்தத் துண்டு வந்தாலும் அதையும் சேர்த்துப் பின்னொட்டாக எடு என்று அர்த்தம்.

மூன்றாவது விலக்கு விதி, வியப்புக்குறியில் தொடங்கும். ஜப்பானில் கவாசாக்கி நகரத்துக்கு '*.கவாசாக்கி.ஜேபி' என்று நட்சத்திர விதி உண்டு. ஆனால் 'சிட்டி.கவாசாக்கி.ஜேபி' அந்த நகரசபையின் சொந்தத் தளம். ஆகவே '!சிட்டி.கவாசாக்கி.ஜேபி' என்று ஒரு வரி சேர்த்து, இது ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரம் செல்லாது என்கிறார்கள். விலக்கு பொருந்தினால் அதன் இடது ஓரத் துண்டை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பின்னொட்டாக எடுக்க வேண்டும்.

இனி புரோகிராம். விதிகளையெல்லாம் பைதனில் ஒரு 'செட்'டில் போட்டு வை. ஆயிரக்கணக்கான வரிகளை ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழே தேட வேண்டாம். முகவரியை 'ஸ்பிளிட்' செய்து துண்டுகளாக்கு. முழுப் பெயரில் தொடங்கி, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக்கொண்டே வா. ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்வி, இதே வரிசையில் கேள்: கையில் உள்ள பெயருக்கு முன்னால் வியப்புக்குறி போட்டால் செட்டில் இருக்கிறதா? பெயர் அப்படியே இருக்கிறதா? அதன் முதல் துண்டுக்குப் பதில் நட்சத்திரம் போட்டால் இருக்கிறதா? எது முதலில் 'ஆம்' என்கிறதோ அங்கே நின்றுவிடு. நீளமானதிலிருந்து தொடங்கியதால் முதலில் கிடைப்பதே மிக நீளமான பொருத்தம். பட்டியலின் சட்டமும் நீளமானதே வெல்லும் என்பதுதான். கடைசிவரை ஒன்றும் கிடைக்காவிட்டால் வலது ஓரத் துண்டு ஒன்றைப் பின்னொட்டாக வைத்துக்கொள்.

'ரிசல்ட்ஸ்.எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே'யைக் கையால் ஓட்டிப் பார்ப்போம். முழுப் பெயர்: மூன்று கேள்விக்கும் இல்லை. 'ரிசல்ட்ஸ்' கழன்றது. 'எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே': இல்லை. 'எக்ஸாம்ஸ்' கழன்றது. 'கவ்.எல்கே': இருக்கிறது. நில். பின்னொட்டு 'கவ்.எல்கே'. கடைசியாகக் கழற்றிய துண்டை மறுபடி மாட்டினால் 'எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே', அதுதான் சொந்தப் பெயர். இப்போது நீயே 'டபிள்யூடபிள்யூடபிள்யூ.டொனெட்ஸ்.எல்கே'யை ஓட்டிப் பார். 'எல்கே'யில் வந்து நிற்கும், 'டொனெட்ஸ்.எல்கே' கையில் இருக்கும்.

சறுக்கக்கூடிய சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். யாராவது வெறும் 'கவ்.எல்கே' என்று கொடுத்தால் மாட்ட ஒரு துண்டும் மிச்சம் இருக்காது. அங்கே சொந்தப் பெயர் இல்லை என்று பதில் வர வேண்டும், புரோகிராம் விழுந்துவிடக்கூடாது. 192.168.1.10 மாதிரி எண் முகவரிக்குப் பின்னொட்டே கிடையாது. அதை முதலிலேயே பிரித்து ஒதுக்கிவிடு, இல்லாவிட்டால் '1.10' என்று ஒரு தளம் உன் பட்டியலில் ஏறும். பெரிய ஆங்கில எழுத்துகளைச் சிறிதாக்கு. பெயரின் கடைசியில் தனிப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கு.

நம் எழுத்தையும் மறந்துவிடாதே. 2010-இல் நாட்டுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பின்னொட்டுகள் கிடைத்தன. தமிழில் 'இலங்கை' என்பதே ஒரு பின்னொட்டு. பட்டியலில் தமிழ் எழுத்திலேயே ஒரு வரியாக இருக்கிறது. நமக்கு அது நாலு எழுத்து. கணினிக்கு ஆறு குறி: இ, ல, ங, மேலே வைக்கும் புள்ளி, க, ஐகாரக் கொம்பு. ஆனால் பிரவுசர் இதைச் சர்வருக்கு அனுப்பும்போது தமிழாக அனுப்பாது. 'எக்ஸ்என்' என்ற இரண்டு எழுத்து, இரண்டு சிறுகோடு, அதற்குப் பின் பன்னிரண்டு ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட சங்கேதமாக மாற்றி அனுப்பும். உன் பாடசாலைக் கணினியின் பதிவில் அந்த உருவம்தான் இருக்கும். பட்டியலில் தமிழ், பதிவில் சங்கேதம் என்று விட்டால் இரண்டும் ஒரு நாளும் சந்திக்காது. இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடு.

அதற்குள்ளும் ஒரு நுணுக்கம். 'கொழும்பு.இலங்கை' என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள். 'கொ' என்பதில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகத் தட்டலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள், சங்கேதமும் வேறாகிவிடும். ஆகையால் தமிழ்ப் பெயர் எதையும் முதலில் யூனிகோடின் சீர்படுத்திய வடிவத்துக்கு மாற்று. பைதனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. நீ தமிழ்ப் பிள்ளை. உன் சோதனையில் தமிழ்ப் பெயர் இருக்கட்டும்.

பட்டியலில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பதிவகங்களின் பின்னொட்டுகள். இரண்டாவதில் தனியார் பின்னொட்டுகள்: ஒரு கம்பனி தன் பெயரின் கீழ் ஆயிரம் பேருக்கு இடம் கொடுத்தால் அதுவும் பொது வால் ஆகிவிடுகிறது. கிட்ஹப் பயனாளர்களின் பக்கங்களை 2013 ஏப்ரலில் 'கிட்ஹப்.கொம்'இலிருந்து 'கிட்ஹப்.ஐஓ'வுக்கு மாற்றியது இந்தக் குக்கி ஆபத்தை நினைத்துத்தான். பிள்ளைகள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று எண்ணும் உனக்கு இரண்டு பகுதியும் வேண்டும். 'டிஎல்டி எக்ஸ்ட்ராக்ட்' என்று பைதனில் தயாராக ஒரு லைப்ரரி இருக்கிறது. அது தானாகத் தனியார் பகுதியைச் சேர்க்காது. நீ சொன்னால்தான் சேர்க்கும். முதலில் ஒரு முறை உன் கையால் எழுதிப் பார், பிறகு வேலைக்கு லைப்ரரியையே எடுத்துக்கொள்.

பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். பிரித்தானியாவில் நெடுங்காலம் 'சிஓ.யூகே' மாதிரி வகைகளின் கீழ்தான் பெயர் வாங்கலாம் என்று இருந்தது. 2014-இல் 'யூகே'யின் கீழ் நேராகவே வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ஊர் வழக்கம் மாறும். பழைய பட்டியலைப் புரோகிராமுக்குள் ஒட்டிவைத்துவிட்டு மறந்தால், மாறிப்போன ஊரில் பழைய வீட்டு இலக்கத்தைத் தேடுகிற கதையாகிவிடும்.

இதை நீ கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் இவ்வளவு பாடுபடுவதற்கு உன் எண்ணிக்கைப் புரோகிராமைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் யாராவது நம் பிள்ளைகளுக்கு 'டொனெட்ஸ்.எல்கே.பெறுபேறு-பார்க்க.கொம்' என்று ஒரு இணைப்பு அனுப்பலாம். இடமிருந்து வாசிக்கிறவர்கள் முதலில் 'டொனெட்ஸ்.எல்கே'யைப் பார்த்து நம்பி, சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்துவிடுவார்கள். வலமிருந்து வாசி. பின்னொட்டு 'கொம்'. சொந்தக்காரர் 'பெறுபேறு-பார்க்க.கொம்'. முன்னால் இருப்பதெல்லாம் அந்த ஆள் தன் வீட்டுக் கதவில் தானே எழுதிக்கொண்டது. உன் லயத்துச் சிநேகிதிகளுக்கும் உன் அம்மாவுக்கும் இதைப் புரோகிராம் இல்லாமலே சொல்லிக் கொடுக்கலாம்.

இப்போது வீட்டுப்பாடம். கணினியைத் திறக்காமல், காகிதத்தில் பத்து முகவரி எழுது: ஒரு பாடசாலை, ஒரு பல்கலைக்கழகம், ஒரு வங்கி, ஒரு தமிழ்ப் பின்னொட்டு, ஒரு எண் முகவரி, வெறும் 'எஸ்சிஎச்.எல்கே' ஒன்று, மிச்சம் உன் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் பின்னொட்டு எது, சொந்தப் பெயர் எது என்று விடையும் எழுது. அதற்குப் பிறகு புரோகிராமை எழுதி, அதன் விடையை உன் காகிதத்தோடு ஒப்பிடு. எங்கே வேறுபடுகிறதோ அந்த வரியை எனக்கு எழுது. அதைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

இந்த உறையின் மேல் உன் பெயரோடு விடுதி அறை இலக்கத்தையும் எழுதியிருக்கிறேன். பதில் போடும்போது நீயும் நம் வீட்டு இலக்கத்தை மறக்காமல் எழுது. தாத்தா எழுதிய அந்தக் கதவு இன்னும் பின்வாசலில்தான் இருக்கிறது. ஏழு மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. நீ லீவுக்கு வரும்போது இருவருமாக அதை எழுதிச் சரிசெய்வோம்.

அன்புடன்,
உன் மாமா